கீழிருந்து வாசித்தவர்: அந்தோனியோ கிராம்ஷியின் வாழ்வு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஒரு முனையில் நூற்பாலைகள். மறுமுனையில், தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரமே என்று ஊரார் பெருமையோடு சொல்லும் ஆண்டாள் கோயில். ஆலையில் வேலை நேரம் முடிந்ததும் வீடு திரும்பும் தொழிலாளி, கோபுரத்தைக் கண்டதும் கை குவிக்கிறார். ஆலைக்குள் அவரைக் கட்டுப்படுத்த மேற்பார்வையாளர் வேண்டும். கோபுரத்தின் முன் யாரும் வேண்டியதில்லை. அதிகாரம் எங்கே அடக்குகிறது, எங்கே இணங்க வைக்கிறது என்ற இந்தக் கேள்வியை ஒரு சிறைக்கூடத்தில் இருந்துகொண்டு ஆராய்ந்த இத்தாலியர் ஒருவரின் வாழ்க்கையை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். அவருடைய சொற்களை நாம் தினமும் புழங்குகிறோம். அவர் வாழ்க்கையை அந்த அளவுக்கு அறிந்திருக்கவில்லை.

அந்தோனியோ கிராம்ஷி 1891 ஜனவரி 22 அன்று சார்டினியா தீவின் அலேஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 14 அன்று மகூ படைமுகாமில் பாபாசாகேப் அம்பேத்கர் பிறந்தார். இருவரும் சந்தித்ததில்லை. இருவரையும் இணைத்து வாசிக்கும் முயற்சியே பிற்காலத்தில்தான் தொடங்கியது.

ஏழு குழந்தைகளில் நான்காமவர் கிராம்ஷி. தந்தை பிரான்செஸ்கோ அரசுப் பதிவு அலுவலகத்தில் ஊழியர். 1898இல் பண மோசடிக் குற்றச்சாட்டில் கைதாகிப் பல ஆண்டுகள் சிறையிலிருந்தார். தாய் ஜியுசெப்பினா துணி தைத்து ஏழு பிள்ளைகளையும் காப்பாற்றினார். குழந்தைப் பருவத்திலேயே அந்தோனியோவின் முதுகெலும்பு வளைந்து கூன் விழுந்தது. கீழே விழுந்ததால் வந்தது என்று வீட்டார் நம்பினர். எலும்புக் காசநோய் என்று மருத்துவர்கள் பின்னர் கண்டனர். கூனை நிமிர்த்துவதற்காகச் சிறுவனை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒருமுறை பிழைக்க மாட்டான் என்று மருத்துவர்கள் கைவிட்டபோது தாய் வாங்கிய சிறு சவப்பெட்டி, அவர் வளர்ந்து பெரியவரான பின்னும் பல ஆண்டுகள் அந்த வீட்டில் கிடந்தது.

தொடக்கப் பள்ளியை நல்ல மதிப்பெண்களோடு முடித்தும் மேலே படிக்க முடியவில்லை. பதினொரு பன்னிரண்டு வயதில் கிலார்சா ஊர்ப் பதிவு அலுவலகத்தில் நாளுக்குப் பத்து மணி நேரம் பதிவேடு சுமந்தார். பதிவேடுகள் அவரைவிட எடை மிக்கவை. இரவில் உடல் வலி தாளாமல் ரகசியமாக அழுததை வளர்ந்த பின் கடிதத்தில் நினைவுகூர்ந்தார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தன்னைவிடக் குறைந்த மதிப்பெண்ணோடு படிப்பைத் தொடர்ந்ததைக் கண்ட சிறுவனின் கோபமே அவருடைய முதல் அரசியல். நம் வாசகர்களில் பலர் இந்தக் கோபத்தைத் தங்கள் வீட்டில் கண்டிருப்பார்கள்.

சார்டினியாக்காரர் என்பது அன்றைய இத்தாலியில் வெறும் ஊர் அடையாளமாக இருக்கவில்லை. 1861இல் ஒன்றுபட்ட இத்தாலியில் வடபகுதி தொழில் வளம் பெற்றது. தென்பகுதியும் தீவுகளும் நிலவுடைமையின் பிடியிலேயே கிடந்தன. இந்த ஏற்றத்தாழ்வுக்கு அறிவியல் என்ற பெயரில் ஒரு விளக்கமும் புனையப்பட்டது. லொம்ப்ரோசோ, நிசெஃபோரோ, செர்ஜி போன்ற அறிஞர்கள் மண்டையோட்டை அளந்து, தென்னகத்தார் பிறவியிலேயே தாழ்ந்தவர்கள், குற்ற இயல்புடையவர்கள் என்று எழுதினார்கள். வறுமைக்குக் காரணம் வரி அமைப்போ நில அமைப்போ அல்ல, இரத்தம் என்றார்கள். இந்த விளக்கத்தை முதலாளிகள் மட்டும் ஏற்கவில்லை. வடக்கின் சோஷலிஸ்டுகளில் ஒரு பகுதியினரே பரப்பினார்கள் என்பதை கிராம்ஷி கடைசிவரை மறக்கவில்லை. பிறப்பைக் காரணம் காட்டி ஒரு மக்களைத் தாழ்த்தும் வேலையை முற்போக்காளர்களும் செய்ய முடியும் என்பதற்கு நமக்கு இத்தாலிய உதாரணம் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

1911இல் சார்டினியா உள்ளிட்ட பகுதிகளின் ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகைத் தேர்வில் ஒன்பதாம் இடம் பெற்று டூரின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதே தேர்வில் இரண்டாம் இடம் பெற்றவர் பல்மீரோ டோலியாட்டி. பின்னாளில் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர். மாதம் 70 லிரா உதவித்தொகை அறை வாடகைக்கும் உணவுக்கும் போதவில்லை. குளிர்காலத்தில் மேலங்கி இல்லை. நரம்புத் தளர்ச்சியால் தேர்வுகளைத் தள்ளிப்போட்டார். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போனதையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். உதவித்தொகை மாணவர் என்றால் கடன்பட்டவர் என்று நினைக்கும் சமூகத்தில் இருவரும் படித்தார்கள்.

கிராம்ஷி படித்தது மொழியியல். பேராசிரியர் மத்தேயோ பார்த்தோலி அவரைத் தன் வாரிசாகவே எண்ணியிருந்தார். ஒரு சொல் ஒரு வட்டாரத்திலிருந்து மற்றொன்றுக்கு எப்படிப் பரவுகிறது, எந்த மொழி வடிவம் மதிப்புக்குரியதாகிப் பிறவற்றை ஒதுக்குகிறது என்ற ஆய்விலிருந்துதான் பிற்காலத்தில் அவர் உருவாக்கிய மேலாண்மைக் கருத்தின் வேர் கிளம்பியது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. மதிப்புள்ள மொழி பேசுகிறவரிடம் மற்றவர்கள் அடி வாங்கி அதைக் கற்பதில்லை. விரும்பிக் கற்கிறார்கள், தம் பேச்சை எண்ணி வெட்கப்படுகிறார்கள். 1927இல் சிறையிலிருந்து தங்கை தெரெசினாவுக்கு எழுதியபோது, குழந்தையைச் சார்டினிய மொழியில் பேசவிடாமல் தடுப்பது தவறு என்று கண்டித்தார். ஆனால் தாய்மொழியோடு நின்றுவிடவும் அவர் சொல்லவில்லை. வட்டார வழக்கு மட்டும் அறிந்தவரின் உலகப் பார்வை குறுகிப்போகும் என்றும் குறிப்பேட்டில் எழுதினார். இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

1915இல் படிப்பைப் பாதியில் விட்டு முழுநேர இதழாளரானார். டூரின் அப்போது ஃபியட் மோட்டார் ஆலைகளின் நகரம். 1919 மே 1 அன்று டோலியாட்டி, டாஸ்கா, டெர்ராச்சினி ஆகியோரோடு சேர்ந்து ‘புதிய ஒழுங்கு’ என்ற வார இதழைத் தொடங்கினார். ஆலைக்குள் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கும் மன்றங்கள் உற்பத்தியை நடத்த வேண்டும் என்பது அதன் அழைப்பு.

அந்த ஆண்டில் நடந்த ஒரு நிகழ்வு நம் பகுதிக்கு மிக நெருக்கமானது. டூரின் தொழிலாளர்களை அடக்க அரசு ஒரு படைப்பிரிவை வரவழைத்தது. அது சஸ்ஸாரி படைப்பிரிவு. சார்டினிய ஏழை உழவர்களைக் கொண்டது. வடக்கத்தியத் தொழிலாளிகள் உழைக்காமல் ஊதியம் கேட்கும் கனவான்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கிராம்ஷியும் டூரினில் வாழ்ந்த பிற சார்டினியத் தோழர்களும் அந்த வீரர்களிடம் போய்ப் பேசினார்கள், சொந்த மொழியில். ஊரில் நிலம் யாரிடம் இருக்கிறது, உங்களை இங்கே அனுப்பியவர் யார் என்று கேட்டார்கள். சில வாரங்களில் படையின் மனநிலை மாறியது. ஜூலைப் பொது வேலைநிறுத்தத்துக்கு முன்பே அரசு அதை நகரிலிருந்து அகற்றிவிட்டது.

இதைப் படிக்கும்போது 1997ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதும் மாவட்டமே எரிந்தது. ஒரு தலித் வீரனின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று எதிர்த்தவர்களிலும் பெரும்பாலோர் சிறுநில உழவர்களும் கூலிகளும்தான். கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து நீக்கியது. சஸ்ஸாரி வீரர்களிடம் பேசியதைப்போல அந்தக் கூலிகளிடம் அவர்களுடைய மொழியில் பேசப் போனவர்கள் எத்தனை பேர்? ஒப்பீட்டுக்கு ஓர் எல்லையும் உண்டு. சார்டினிய வீரனுக்கும் டூரின் தொழிலாளிக்கும் இடையில் தீண்டாமை இல்லை. பேசினால் கலையும் தப்பெண்ணம் அது. சாதி அப்படிக் கலைவதில்லை. அதில் ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் கீழே ஒருவர் கிடைக்கிறார் என்பதை அம்பேத்கர்தான் விளக்கினார், கிராம்ஷி அல்ல.

1920 செப்டம்பரில் வட இத்தாலி முழுவதும் தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றினார்கள். சோஷலிஸ்ட் கட்சித் தலைமை தயங்கியது. கிளர்ச்சி தனித்து நின்று தோற்றது. 1921 ஜனவரியில் லிவோர்னோவில் கம்யூனிஸ்ட் கட்சி பிறந்தது. 1922 அக்டோபரில் முசோலினி ஆட்சிக்கு வந்தபோது கிராம்ஷி மாஸ்கோவில் இருந்தார். அங்கே ஒரு மருத்துவ இல்லத்தில் யூலியா சூஹ்த் என்ற இசைக் கலைஞரைச் சந்தித்து வாழ்க்கைத் துணையாக்கிக்கொண்டார். இரு மகன்கள் பிறந்தார்கள். இளையவன் ஜியுலியானோவை அவர் ஒருமுறைகூடக் காணவில்லை. 1924இல் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு நாடு திரும்பினார்.

1926இல் அவர் எழுதத் தொடங்கிய தென்னகப் பிரச்சினை குறித்த கட்டுரை முற்றுப்பெறவில்லை. வடக்கின் தொழிலாளி, தெற்கின் உழவரைத் தாழ்ந்தவராகக் கருதும்வரை எந்த விடுதலையும் இல்லை என்பது அதன் சாரம். தெற்கின் உழவர்களை நிலவுடைமையாளரோடு கட்டிப்போடுவது காவல்துறை மட்டுமல்ல. குருமார், ஆசிரியர், வழக்கறிஞர், எழுத்தர் என்ற உள்ளூர்ப் படித்த வர்க்கமும், அவர்களுக்கு மேலே பெனடெட்டோ குரோச்சே போன்ற மாபெரும் அறிஞர்களும்தான் என்றார். அக்கட்டுரை மேசையில் இருக்கும்போதே, நவம்பர் 8 இரவு, நாடாளுமன்ற உறுப்பினருக்குரிய பாதுகாப்பைப் பொருட்படுத்தாமல் அவரைக் கைது செய்தார்கள். 1928இல் தனி நீதிமன்றம் 20 ஆண்டுகள், 4 மாதங்கள், 5 நாட்கள் சிறைத்தண்டனை விதித்தது. அந்த மூளையை இருபது ஆண்டுகள் இயங்கவிடாமல் தடுக்க வேண்டும் என்று அரசு வழக்கறிஞர் வாதிட்டதாகச் சொல்லப்படுகிறது.

பாரி நகருக்கு அருகில் தூரி என்னும் ஊரின் சிறையில் அவர் கைதி எண் 7047. எழுதும் அனுமதி கிடைத்து, 1929 பிப்ரவரி 8 அன்று முதல் குறிப்பேட்டைத் திறந்தார். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரணக் குறிப்பேடுகள். ஒவ்வொரு பக்கத்தையும் சிறை அதிகாரி பார்ப்பார். மொத்தம் 33 குறிப்பேடுகள். அவற்றில் 4 முழுதும் மொழிபெயர்ப்புப் பயிற்சிகள். ஜெர்மன் மொழியைக் கற்க கிரிம் சகோதரர்களின் கதைகளை மொழிபெயர்த்திருக்கிறார். கேம்பிரிட்ஜில் இருந்த பொருளியலாளர் பியரோ ஸ்ராஃபா மிலான் புத்தகக் கடையொன்றில் தன் செலவில் கணக்குத் திறந்து வேண்டிய நூல்களை அனுப்பினார். யூலியாவின் அக்கா தத்தியானா கடிதங்களையும் மருந்தையும் துணியையும் கொண்டு சேர்த்தார். இந்த இருவர் இல்லையேல் குறிப்பேடுகள் இல்லை.

சிறையில் அவர் மார்க்ஸை மட்டும் வாசிக்கவில்லை. தம் நாட்டின் செவ்வியல் நூல்களைக் கீழிருந்து மீண்டும் வாசித்தார். இந்தப் பகுதிதான் நம்மிடையே குறைவாகப் பேசப்படுகிறது.

தாந்தேயின் நரகப் பயணத்தில் பத்தாம் காண்டம். எரியும் கல்லறைகளில் இருவர் எழுகிறார்கள். ஒருவர் ஃபரினாத்தா: நரகத்தையே இகழ்ந்து பார்க்கும் வீரத் தலைவர். மற்றவர் கவல்கந்தே: தாந்தேயின் நண்பனான கவிஞன் கீதோவின் தந்தை. அங்குள்ளவர்களுக்கு வருங்காலம் தெரியும், நிகழ்காலம் தெரியாது. தாந்தே பேச்சுவாக்கில் இறந்தகால வினை ஒன்றைச் சொல்ல, மகன் இறந்துவிட்டான் என்று எண்ணித் தந்தை கல்லறைக்குள் சரிகிறார். விமரிசகர்கள் அனைவரும் ஃபரினாத்தாவின் கம்பீரத்தைப் பாடினார்கள். நாடகம் கவல்கந்தேயிடம் இருக்கிறது என்றார் கிராம்ஷி. சொல்லப்படாத துயரம், வாசகர் நிரப்ப வேண்டிய மௌனம், அதுவே அக்காண்டத்தின் மையம் என்று 1931இல் கடிதத்தில் விரிவாக எழுதினார். மகன்களைக் காணாத, வெளியில் நடப்பதை அறியாத ஒரு கைதிக்கு இது வெறும் இலக்கிய ஆய்வாக இருந்திருக்க முடியுமா? 1932 இறுதியில் தாய் இறந்தபோது அவர் தாங்க மாட்டார் என்று குடும்பத்தார் செய்தியை மறைத்துவிட்டார்கள். உயிரோடு இருப்பதாக எண்ணியே அவர் தாயைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

மாக்கியவெல்லியின் ‘இளவரசன்’ நூலை ஆட்சியாளருக்கான தந்திர நூலாகவே உலகம் படித்துவந்தது. ஆளப் பிறந்தவர்களுக்கு அத்தந்திரங்கள் ஏற்கெனவே தெரியும், தெரியாதவர்களுக்காக அல்லவா அவர் எழுதினார் என்று கிராம்ஷி திருப்பிக் கேட்டார். ஆட்சியின் நுட்பம் அறியாத மக்களுக்கான பாடநூல் அது என்பது அவர் வாசிப்பு. நம் காலத்தில் அந்த இளவரசன் ஒரு தனிமனிதனாக இருக்க முடியாது, கூட்டாக இயங்கும் கட்சியாகவே இருக்க முடியும் என்றார்.

மன்சோனியின் நாவல் ‘மணமக்கள்’ இத்தாலியப் பள்ளிகளில் கட்டாயப் பாடம். எளிய நெசவாளர்களைக் கதைத்தலைவர்களாக்கியதற்காகப் போற்றப்படுவது. அதில் கிராம்ஷி கண்ட குறை நுட்பமானது. எளியோர்மீது மன்சோனிக்குக் கருணை இருக்கிறது; ஆனால் அவர்களுக்கு அவர் அகவாழ்வைத் தருவதில்லை, ஆழ்ந்த சிந்தனையும் மனப்போராட்டமும் மேட்டுக்குடிப் பாத்திரங்களுக்கே உரியவையாகின்றன. விலங்குகளிடம் காட்டப்படும் பரிவு போன்றது அது என்றார். டால்ஸ்டாயின் எளிய உழவன் படித்தவனின் உள்ளத்தையே புரட்டிப்போடுவான்; மன்சோனியிடம் அது நடப்பதில்லை.

இந்தக் கேள்வியோடு நந்தனார் கதையை எடுத்துப் பாருங்கள். பெரியபுராணத்தில் நந்தனுக்குப் பக்தி உண்டு, ஏக்கம் உண்டு, கண்ணீர் உண்டு. கோபம் இல்லை. தீயில் மூழ்கி எழுந்த பின்பே கோயிலுக்குள் இடம். கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனைகளில் வேதியர் பண்ணையார் வந்து சேர்கிறார், நந்தனின் அடிமைத்தனம் கண்ணுக்குத் தெரிகிறது, பரிவும் கூடுகிறது. ஆனாலும் அவனுக்குக் கேள்வி கேட்கும் அறிவு கொடுக்கப்படவில்லை. செவ்வியல் நூல்களைக் கீழிருந்து வாசிக்கும் வேலையைத் தமிழில் அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழில் கிராம்ஷிக்கு முன்பே செய்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். குறளையும் ஔவையின் நூல்களையும் பௌத்த நூல்களாக அவர் வாசித்தது சரியா தவறா என்று வாதிடுவோர், அந்த வாசிப்பு யாரிடமிருந்து எதை மீட்டது என்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

பள்ளி பற்றி கிராம்ஷி எழுதிய பக்கங்களை முதல் தலைமுறைப் பட்டதாரிகள் படிக்க வேண்டும். முசோலினி அரசின் 1923ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் மேட்டுக்குடிக்குச் செவ்வியல் பள்ளியையும் உழைப்பாளர் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சிப் பள்ளியையும் ஒதுக்கியது. பார்ப்பதற்கு நடைமுறைக்கு உகந்த ஏற்பாடு. உண்மையில் தந்தையின் தொழிலை மகனுக்கு விதியாக்கும் ஏற்பாடு என்று அவர் எதிர்த்தார். நமக்கு இது தெரிந்த கதை. ராஜபாளையத்தைச் சேர்ந்த பி. எஸ். குமாரசாமி ராஜாவுக்குப் பின் 1952இல் முதலமைச்சரான ராஜாஜி, அடுத்த ஆண்டு அரைநாள் படிப்பும் மீதி நேரம் பெற்றோர் தொழிலும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் இயக்கம் அதை எதிர்த்து நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் 1952இல் வென்றிருந்த காமராசர் 1954இல் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது.

கிராம்ஷி இன்னும் ஒரு படி போகிறார். படிப்பு என்பதும் ஓர் உடலுழைப்பு; பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து கவனம் செலுத்த உடல் பழக வேண்டும். படித்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் வீட்டுக் காற்றிலேயே கிடைக்கிறது. உழைப்பாளியின் பிள்ளை அதைப் பள்ளியில் வலியோடு கற்கிறது. தகுதி, திறமை என்று பேசுவோர் மறைப்பது இந்த இடைவெளியைத்தான். ஆனால் அதற்காகப் பாடத்தை எளிமையாக்கு என்று அவர் கேட்கவில்லை. கடினமானதைக் கற்கத் தேவையான நேரத்தையும் துணையையும் உழைப்பாளியின் பிள்ளைக்கும் கொடு என்றார். பதிவேடு சுமந்த பிள்ளை வேறென்ன கேட்கும்?

அமெரிக்க ஆலைமுறை பற்றிய அவர் குறிப்பேடு நம் நூற்பாலைகளுக்குள் அழைத்துச் செல்லும். ஹென்றி ஃபோர்டு தன் தொழிலாளர்களின் வீட்டுக்கே ஆய்வாளர்களை அனுப்பி, குடிக்கிறார்களா, குடும்பம் ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணித்தார். உயர்ந்த ஊதியத்தோடு ஒழுக்கமும் சேர்ந்து வந்தது. ஓயாத இயந்திரத்துக்கு ஏற்ற ஒரு புதுவகை மனிதரை உருவாக்கும் முயற்சி அது என்று கிராம்ஷி கண்டார். தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்றாண்டு ஒப்பந்தம், முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை, அதுவரை விடுதி வாழ்வு, வெளியே போகக் கட்டுப்பாடு என்று இளம்பெண்கள் அமர்த்தப்பட்டதை நாம் அறிவோம். அவர்களில் கணிசமானோர் தலித் பெண்கள். ஃபோர்டு உயர்ந்த ஊதியமாவது கொடுத்தார். இங்கே கண்காணிப்பு மட்டும் வந்தது, அதுவும் பெண்ணின் மானத்தைக் காக்கும் ஏற்பாடாகப் பெற்றோரிடம் விற்கப்பட்டது. பெற்றோர் இணங்கினார்கள் என்பதுதான் கிராம்ஷி ஆராயச் சொல்லும் இடம்.

1933 இறுதியில் உடல் முற்றும் சிதைந்த நிலையில் ஃபோர்மியா நகர மருத்துவமனைக்குக் காவலோடு மாற்றப்பட்டார். 1934இல் அங்கேதான், வரலாற்றின் ஓரங்களில் வாழும் மக்களைப் பற்றிய 25ஆம் குறிப்பேட்டை எழுதினார். சில பக்கங்களே நிரம்பிய, மெலிந்த குறிப்பேடு. டஸ்கனி மலைப்பகுதியில் ஏழை உழவர்களைத் திரட்டி, தன்னைத் தீர்க்கதரிசியாக அறிவித்து, 1878இல் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்ட டாவிட் லாட்சரெட்டியோடு அது தொடங்குகிறது. அவனைப் பைத்தியக்காரன் என்று அறிஞர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். ஒருவனைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டால் அவன் பின்னால் ஏன் ஆயிரக்கணக்கானோர் போனார்கள் என்ற கேள்வியிலிருந்து தப்பிவிடலாம் என்று கிராம்ஷி கண்டுகொண்டார். திருவிதாங்கூர் அரசு வைகுண்டரைச் சிறையில் அடைத்த வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒடுக்கப்பட்டோரின் வரலாறு துண்டுதுண்டாகவே கிடைக்கும். அவர்கள் தாமாக முன்னெடுத்த ஒவ்வொரு சிறு அசைவும் வரலாற்றாசிரியனுக்கு விலைமதிப்பற்றது என்று அக்குறிப்பேடு சொல்கிறது.

விடுதலைக்காக முசோலினியிடம் மன்னிப்பு மனு எழுதக் கடைசிவரை மறுத்தார். தண்டனைக்காலம் குறைக்கப்பட்டு 1937 ஏப்ரலில் முடிந்தது. ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தது. அதற்குள் மூளையில் இரத்தக் கசிவு. ஏப்ரல் 27 அன்று ரோம் மருத்துவமனையில் இறந்தார். வயது 46. தத்தியானா குறிப்பேடுகளை எடுத்துப் பத்திரப்படுத்தி, எண்ணிட்டு, மாஸ்கோவுக்குச் சேர்ப்பித்தார். சில வாரங்களில் கிலார்சாவில் தந்தையும் இறந்தார்.

கடிதங்கள் 1947இலும், குறிப்பேடுகள் 1948 முதலும் இத்தாலியில் வெளிவந்தன. ஆங்கிலத்தில் 1957இல் ஒரு சிறு தொகுப்பு. 1971இல் குவின்டின் ஹோரும் ஜெஃப்ரி நோவெல் ஸ்மித்தும் மொழிபெயர்த்த பெரிய தொகுப்பு. இந்தியா வாசித்த கிராம்ஷி பெரிதும் இந்த 1971ஆம் ஆண்டுக்காரர்தான். அதில் 25ஆம் குறிப்பேடு முழுமையாக இல்லை. 1982இல் ரணஜித் குகா தலைமையில் வெளிவரத் தொடங்கிய சபால்டர்ன் ஆய்வு வரிசை ஒரு சொல்லை அங்கிருந்து எடுத்து உலகம் முழுக்கப் பரப்பியது. 25ஆம் குறிப்பேட்டின் முழு ஆங்கிலப் பதிப்பு, ஜோசஃப் பட்டிஜிக், மார்கஸ் கிரீன் ஆகியோரின் உழைப்பில், 2021இல்தான் வந்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஒரு சொல்லை, அது பிறந்த ஏட்டை முழுதும் பார்க்காமலே ஆங்கிலவழி வாசகர்கள் விவாதித்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. அந்த வரிசையின் தொடக்கத் தொகுதிகளில் உழவர் கிளர்ச்சியும் பழங்குடிக் கிளர்ச்சியும் மையம் கொண்டன; அம்பேத்கருக்கும் தலித் இயக்கத்துக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை. ஒடுக்கப்பட்டோர் தமக்கான அறிவாளிகளைத் தம்மிடமிருந்தே உருவாக்க வேண்டும் என்று இத்தாலியர் ஒருவர் எழுதியதைப் போற்றியவர்கள், அவ்வாறே உருவாகி அரசமைப்பையே எழுதிய ஒருவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பார்க்காமல் போனார்கள். கொசிமோ ஜேனே தொகுத்து 2013இல் வந்த கிராம்ஷி அம்பேத்கர் ஒப்பாய்வு நூல் போன்றவை இந்தக் குறையைத் தாமதமாக ஈடுசெய்தன.

தமிழில் எஸ். வி. ராஜதுரையும் வ. கீதாவும் கிராம்ஷியை விரிவாக அறிமுகப்படுத்தினார்கள். சொற்கள் சிற்றிதழ்களில் புழங்கத் தொடங்கின. ஹெஜமனிக்கு மேலாண்மை என்றார்கள். இன்றைய கல்லூரி மாணவருக்கு அது எம்.பி.ஏ. பாடப்பிரிவின் பெயராகிவிட்டதால் மேலாதிக்கம் என்பாரும் உண்டு. ஆனால் ஆதிக்கம் என்றதும் இணக்கம் என்ற பாதி மறைந்துவிடுகிறது. சபால்டர்னுக்கு அடித்தள மக்கள், விளிம்புநிலை மக்கள் என்று இரு வழக்குகள். இரண்டும் ஒன்றல்ல. அடித்தளத்தில் இருப்பவர் கட்டடத்தைத் தாங்குகிறார். விளிம்பில் இருப்பவர் கட்டடத்துக்கு வெளியே நிற்கிறார். தலித் மக்கள் ஒரே நேரத்தில் இரண்டுமாக இருப்பதால், எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரு பாதி விடுபட்டுப் போகிறது. பொதுப்புத்தி என்ற சொல் மட்டும் அச்சாகப் பொருந்திவிட்டது.

பொதுப்புத்தி எப்படி வேலை செய்யும் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூரே காட்டியது. 2024 டிசம்பரில் இளையராஜா ஆண்டாள் கோயிலுக்கு வந்தபோது அர்த்த மண்டப வாசலில் அவர் பின்வாங்கி நின்ற காட்சி எங்கும் பரவியது. அர்ச்சகர் முதலானோர் தவிர எவரும் அங்கே செல்லும் வழக்கமில்லை என்று அறநிலையத் துறை விளக்கியது. பரவுவது வதந்தி, தன்மானத்தை விட்டுக்கொடுக்கும் எதுவும் நடக்கவில்லை என்று இளையராஜாவே மறுத்தார். தனிமனிதர் நிலையில் விவாதம் அத்தோடு முடிந்தது. ஆனால் அந்த வழக்கம் யாரை உள்ளேயும் யாரை வெளியேயும் வைக்கும்படி உருவானது, அர்ச்சகராவது பிறப்பால் தீர்மானிக்கப்பட்ட நூற்றாண்டுகளில் எல்லோருக்கும் பொதுவான விதி என்ற பேச்சுக்கு என்ன பொருள் என்ற கேள்விகள் எழுந்த வேகத்திலேயே அடங்கின. வழக்கம் என்ற சொல் வந்ததும் பெரும்பாலோர் அமைதியடைந்தார்கள். காவலர் ஒருவரும் தேவைப்படவில்லை.

2008 தொகுதி மறுசீரமைப்பில் ராஜபாளையம் சட்டமன்றத் தொகுதி பொதுவானது. ஸ்ரீவில்லிபுத்தூர் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியானது. கோபுரம் நிற்கும் ஊரிலிருந்து தலித் ஒருவர் சட்டமன்றத்துக்குப் போகிறார். அரசு என்பது முன்னணியில் தெரியும் ஓர் அகழிதான், அதற்குப் பின்னால் கோயில், பள்ளி, செய்தித்தாள், திருமண மண்டபம், குலவழக்கம் என்று கோட்டைகள் வரிசையாக நிற்கின்றன என்று கிராம்ஷி தூரியில் எழுதினார். அந்தச் சிறையில் அவர் இருந்த ஆண்டுகளில், 1930 முதல் 1935 வரை, நாசிக் காலாராம் கோயில் வாசலில் அம்பேத்கரின் தொண்டர்கள் காத்துக்கிடந்தார்கள். கதவு திறக்கவில்லை. 1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்துவிட்டு அம்பேத்கர் அந்த வாசலை விட்டு நகர்ந்தார்.